வளைகாப்பு முடிந்த பிறகு: கடைசி மூன்று மாதங்களில் இருவர் கடமை

வளைகாப்புக்குப் போகாதவர் நம்மில் யாரும் இருக்க மாட்டோம். கை நிறைய கண்ணாடி வளையல், கன்னத்தில் சந்தனம், எலுமிச்சை சாதம், புளி சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம், அப்புறம் போட்டோ. சாப்பிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். மறுநாளிலிருந்து அந்தக் கணவனும் மனைவியும் என்ன செய்யணும்? இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்.

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீங்க. எனக்கும் ஆகலை. நான் படிப்பது பொறியியல், மருத்துவம் இல்லை. ஆனால் அக்கா பிள்ளை உண்டாகியிருந்தபோது வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அதில் ஒருவன் நான். அதனால் இதைக் கற்றுக்கொள்ள வேண்டி வந்தது. உங்களுக்கும் ஒரு நாள் வரும்: அண்ணனாக, தம்பியாக, தாய்மாமனாக, அத்தையாக, பிறகு அப்பாவாக, அம்மாவாக.

சடங்கு யாரைக் கூப்பிடுகிறது?

இந்து சமயத்தில் ஒரு மனிதனுக்குரிய சம்ஸ்காரங்கள் 16 என்று எண்ணுவது வழக்கம். அவற்றில் மூன்று, குழந்தை பிறப்பதற்கு முன்பே செய்யப்படுபவை. மூன்றாவதுதான் சீமந்தம். சீமந்தம் என்றால் தலை வகிடு. முழுப்பெயர் சீமந்தோன்னயனம், அதாவது வகிட்டை மேல்நோக்கி எடுத்துவிடுதல். கிருஹ்ய சூத்திரங்களில் இதன் முறை இருக்கிறது. முள்ளம்பன்றி முள், தர்ப்பை, அத்திக்காய்க் கொத்து இவற்றை வைத்து முன்நெற்றியிலிருந்து பின்னால் வகிடு எடுப்பார்கள். வீணை வாசிக்கச் சொல்வதும் உண்டு.

இதில் முக்கியமானது, வகிடு எடுக்கிறவர் யார் என்பது. மாமியார் இல்லை, ஐயர் இல்லை, கணவன். நிறைமாதத்தை நெருங்கும் மனைவியின் தலையில் கைவைத்து, அவள் மனம் குளிரும்படி செய்ய வேண்டியவன் அவன் என்று சடங்கு சொல்கிறது.

நம் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது வளைகாப்பு மட்டும்தான். 5, 7 அல்லது 9ஆம் மாதத்தில் குடும்ப வழக்கப்படி செய்வார்கள். அது பெண்கள் கூடிச் செய்யும் விழா. அதிலும் ஓர் அழகு இருக்கு: பிள்ளை பெற்ற பெண்கள் வரிசையாக வந்து, "நாங்க இருக்கோம்" என்று சொல்லாமல் சொல்கிறார்கள். ஆனால் சீமந்தம் போய் வளைகாப்பு மட்டும் நின்றபோது, கணவன் மண்டபத்தின் ஓரத்தில் நாற்காலி தூக்கிப் போடும் ஆளாகிவிட்டான். அவனுடைய பங்கைத் திரும்பக் கொண்டு வரணும். அதற்கு முள்ளம்பன்றி முள் தேட வேண்டியதில்லை. மீதியுள்ள மூன்று மாதங்களை அவன் எப்படி நடத்துகிறான் என்பதே போதும்.

பக்கத்தில் இருக்க வேண்டும்

பிரகலாதன் கருவிலேயே நாரதர் உபதேசத்தைக் கேட்டான் என்று சமய வகுப்பில் படித்திருப்போம். பாகவதத்தின் ஏழாவது ஸ்கந்தத்தில் வரும் அந்தக் கதையின் முதல் பாதியை நாம் கவனிப்பதில்லை. இரணியகசிபு தவம் செய்யப் போய்விட்டான். அந்த நேரத்தில் தேவர்கள் படையெடுத்து வர, நிறைவயிற்றோடு இருந்த அவன் மனைவி கயாதுவை இந்திரன் பிடித்துக்கொண்டு போகிறான். நாரதர்தான் தடுத்து, தன் ஆசிரமத்துக்கு அழைத்துப்போய், கணவன் திரும்பும் வரை பாதுகாப்பாக வைத்திருக்கிறார். உபதேசம் அதற்கப்புறம்தான். முதலில் பயமில்லாத இடம், பிறகு நல்ல வார்த்தை. இந்த வரிசை முக்கியம்.

இன்னொன்று திருச்சிராப்பள்ளி தாயுமானவர் வரலாறு. ரத்னாவதி என்ற பெண்ணுக்குப் பேறுகாலம். துணைக்கு வரவேண்டிய தாய், காவிரியில் வெள்ளம் வந்ததால் அக்கரையிலேயே நின்றுவிட்டார். சிவபெருமானே அந்தத் தாயின் உருவத்தில் வந்து பிரசவம் பார்த்தார். தாயும் ஆனவர், தாயுமானவர். உலகுக்கெல்லாம் தந்தை என்று நாம் கும்பிடும் சிவனே பிரசவ அறைக்குள் வந்து கைகொடுத்திருக்கிறார். "அது பொம்பளைங்க விஷயம்" என்று ஒதுங்க நமக்கு என்ன நியாயம் இருக்கு?

மாணிக்கவாசகரும் போற்றித் திருவகவலில், கரு ஒவ்வொரு மாதமும் எத்தனை ஆபத்திலிருந்து பிழைத்து வருகிறது என்று வரிசையாகச் சொல்லி, பத்தாம் மாதத்தில் தாயும் பிள்ளையும் சேர்ந்து படும் துன்பத்தைக் கடல் அளவு என்கிறார். பிரசவம் ஆபத்தில்லாத காரியம் என்று நம் முன்னோர்கள் ஒருநாளும் நினைத்ததில்லை.

பிங்க் புத்தகத்தை இருவரும் படிக்கணும்

நம் நாட்டில் கிளினிக் கெசிஹாத்தானில் பதிந்ததும் தாய்க்கு ஒரு பிங்க் புத்தகம் தருவார்கள். இரத்த அழுத்தம், எடை, சிறுநீரில் சர்க்கரை, புரதம், குழந்தையின் வளர்ச்சி எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு முறையும் மிஸ்ஸி ஒரு வண்ணக் குறியும் போடுவார்: வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு. வெள்ளை என்றால் வழக்கமான கவனிப்பு. பச்சை என்றால் கிளினிக் டாக்டர் பார்க்கணும். மஞ்சள் என்றால் நிபுணர் பார்க்கணும். சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி. இந்த நிறத்தின் பொருள் கணவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். மனைவியைக் கிளினிக் வாசலில் இறக்கிவிட்டுக் காரில் உட்கார்ந்து போன் பார்க்கிற நேரத்தில், உள்ளே போய் "இன்னிக்கு என்ன நிறம் மிஸ்ஸி?" என்று கேட்கலாம்.

நம் சமூகத்தில் இனிப்பு நீர் அதிகம். கர்ப்ப காலத்தில் மட்டும் வரும் இனிப்பு நீரும் உண்டு. சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வைத்து இரத்தம் எடுக்கும் பரிசோதனை அதற்காகத்தான். குமட்டுது என்று தள்ளிப்போடக் கூடாது. "ரெண்டு பேருக்குச் சாப்பிடணும்" என்று இரண்டு மடங்கு சோறு போடுவது அன்பாக இருக்கலாம், ஆனால் இனிப்பு நீர் உள்ள தாய்க்கு அது நல்லதில்லை.

அடுத்தது, குழந்தையின் அசைவு. 28 வாரத்துக்குப் பிறகு அதை எண்ணி அட்டவணையில் குறிக்கச் சொல்வார்கள். காலை 9 மணிக்குத் தொடங்கினால் இரவு 9 மணிக்குள் 10 அசைவு வந்திருக்க வேண்டும். வராவிட்டால் அன்று இரவே ஆஸ்பத்திரி. வழக்கமாகத் துள்ளும் பிள்ளை திடீரென்று அடங்கிவிட்டால் 9 மணி வரை காத்திருக்கவும் வேண்டாம். "பிள்ளை தூங்குது" என்று யார் சொன்னாலும் சரி, போய்ப் பார்த்துவிடுங்கள்.

கீழே உள்ளவற்றை எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டலாம். இதில் எது வந்தாலும் மறுநாள் காலை வரை காத்திருக்கக் கூடாது:

1. இரத்தப்போக்கு.
2. விடாத தலைவலி, கண் மங்குதல், கண்முன் பூச்சி பறப்பது போன்ற மின்னல்.
3. முகமும் கையும் திடீரென்று வீங்குதல். மேல்வயிற்றில் கடும் வலி.
4. பனிக்குடம் உடைதல். தண்ணீர் பச்சையாக இருந்தால் இன்னும் அவசரம்.
5. குழந்தையின் அசைவு குறைதல்.
6. 37 வாரம் நிறையும் முன்பே விட்டுவிட்டு வரும் வலி.
7. காய்ச்சல், வலிப்பு, மூச்சுத் திணறல்.

இரண்டாவது எண்ணில் உள்ளதை எங்கள் வீட்டிலேயே பார்த்தோம். அக்காவுக்கு 36ஆவது வாரம். ராத்திரி பதினோரு மணிக்குத் தலைவலி. தைலம் தேய்த்தும் நிற்கவில்லை, கண்முன் மின்னுகிறது என்றாள். "வளைகாப்பில் எத்தனை பேர் கண்ணோ" என்று அம்மா உப்பு, மிளகாய் எடுத்தார். மாமா பிங்க் புத்தகத்தை எடுத்தார். கடைசி இரண்டு வருகையிலும் இரத்த அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருந்தது அவருக்கு ஞாபகம் இருந்தது. அம்மாவிடம் அவர் சண்டை போடவில்லை. "சுத்திப் போடுங்க அத்தை, அதுக்குள்ள நான் காரை எடுக்கிறேன்" என்றார். இரண்டும் நடந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது மேல் அழுத்தம் 160ஐத் தாண்டியிருந்தது. விடிவதற்குள் ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். 2.3 கிலோ. இப்போது என் தங்க மருமகள் வீடு முழுக்கத் தவழ்கிறாள்.

அன்று உதவியது மாமாவின் படிப்பு இல்லை, அவர் கணக்குப் பிள்ளை வேலைதான் செய்கிறார். மாதா மாதம் கூடப் போனதும், புத்தகத்தைத் திறந்து பார்த்ததும்தான் உதவின. எந்தத் தொழிற்சாலையிலும் அபாய மணி அடித்தால் யார் என்ன செய்யணும் என்பதை மணி அடிப்பதற்கு முன்பே முடிவு செய்து வைத்திருப்பார்கள். பிரசவத்துக்கும் அப்படித்தான். ராத்திரியில் யார் கார் ஓட்டுவது, மூத்த பிள்ளையை யாரிடம் விடுவது, கார் இல்லாவிட்டால் என்ன வழி, 999 அழைத்தால் வீட்டு முகவரியைத் தெளிவாகச் சொல்ல முடியுமா? 34ஆவது வாரத்திலேயே பேசி வைக்கலாம்.

நல்ல நேரமும் நாளும்

ஆஸ்பத்திரியில் தரும் தேதி ஒரு கணிப்பு மட்டுமே. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 40 வாரம் என்று கணக்கிடுகிறார்கள். சரியாக அந்த நாளில் பிறக்கும் பிள்ளைகள் மிகக் குறைவு. 37 வாரத்துக்கு மேல் எப்போதும் வரலாம் என்று நினைத்துத் தயாராக இருப்பதே சரி.

ஆபரேஷன் என்று முடிவானதும் சில வீடுகளில் உடனே ஜாதகக்காரரிடம் ஓடுவார்கள். இதைப் பற்றிப் பெரியபுராணத்திலேயே ஒரு வரலாறு இருக்கிறது. கோச்செங்கட் சோழ நாயனாரின் தாய் கமலவதிக்குப் பிரசவ வேளை. ஒரு நாழிகை கழித்துப் பிறந்தால் பிள்ளை உலகாளும் என்று சோதிடர்கள் சொன்னார்கள். கால்களைக் கட்டித் தன்னைத் தலைகீழாகத் தூக்கி நிறுத்தச் சொன்னார் அந்தத் தாய். நேரம் வந்தது, பிள்ளை பிறந்தது, காத்திருந்ததால் கண்கள் சிவந்திருந்தன. அந்தச் சிவந்த கண்ணே மகனுக்குப் பெயரானது. தாய் உயிர் பிழைக்கவில்லை.

அந்தத் தாயின் தியாகத்தைக் கும்பிடுவோம். ஆனால் இன்னொரு பெண்ணிடம் அதை எதிர்பார்க்கக் கூடாது. டாக்டர் தந்த நாட்களுக்குள் ஒரு நல்ல நாளைத் தேர்ந்தெடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. நட்சத்திரத்துக்காக 39 வாரத்துக்கு முன்னால் இழுத்தால் குழந்தைக்கு மூச்சுத் தொல்லை வரும் வாய்ப்பு கூடும். "உடனே எடுக்கணும்" என்று டாக்டர் சொன்ன பிறகு ராகு காலம் முடியட்டும் என்று நிறுத்தினால், அந்த நேரத்தைத் தாயும் பிள்ளையும்தான் தாங்க வேண்டும்.

பை, துணி, கார்

பிறப்பதற்கு முன் பிள்ளைக்கு எதுவும் வாங்கக் கூடாது என்று பல பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் காலத்துத் தோட்டத்தில் எத்தனையோ பிள்ளைகளை இழந்தவர்களின் பயம் அது. மதிப்போம். தொட்டிலை அலங்கரிப்பது பிறகு நடக்கட்டும். ஆஸ்பத்திரிப் பை மட்டும் தயாராக இருக்கட்டும்: பிங்க் புத்தகம், இருவரின் ஐ.சி., திருமணச் சான்றிதழ், தாய்க்கு முன்பக்கம் திறக்கும் உடை, சாரோங், பேட், குழந்தைக்குச் சட்டை, துணி, நாப்கின்.

பிறந்த பிள்ளைக்கு முதலில் பழைய துணி போடும் வழக்கம் நல்லதுதான், மிருதுவாக இருக்கும். ஆனால் அலமாரியில் பாச்சை உருண்டையோடு வைத்திருந்த துணி வேண்டாம். ஜி6பிடி குறைபாடு உள்ள பிள்ளைக்கு அந்த உருண்டையின் வாடையே இரத்த அணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கிவிடும். பிறந்ததும் தொப்புள் கொடி இரத்தத்தில் இந்தப் பரிசோதனையைச் செய்கிறார்கள். முடிவு வரும் வரை காத்திராமல் பாச்சை உருண்டையை வீட்டை விட்டே அனுப்பிவிடுங்கள்.

காரில் குழந்தை இருக்கை 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் சட்டப்படி கட்டாயம். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் முதல் பயணத்துக்கே அது வேண்டும். மாட்டுவது எப்படி என்று முன்பே பழகிக்கொள்ளுங்கள்.

தாலி மட்டும் போதாது

இது தயக்கமில்லாமல் பேச வேண்டிய விஷயம். கோயிலில் தாலி கட்டி, ஊருக்கே விருந்து வைத்துவிட்டு, "ரெஜிஸ்டர் அப்புறம் செஞ்சுக்கலாம்" என்று விட்டுவிடும் தம்பதிகள் நம்மிடையே இருக்கிறார்கள். 1976ஆம் ஆண்டின் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. முஸ்லிம் அல்லாதோரின் திருமணம் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவில்லாவிட்டால் சட்டத்தின் கண்ணில் பிள்ளை திருமணத்துக்கு வெளியே பிறந்தது. அப்பா பெயர் பிறப்புச் சான்றிதழில் தானாக வராது. குடியுரிமையும் தாயைப் பொறுத்தே பார்க்கப்படும். தாய் வெளிநாட்டவராகவோ பத்திரம் இல்லாதவராகவோ இருந்தால், மலேசியத் தந்தைக்குப் பிறந்த பிள்ளையே நாடற்றதாக நிற்க நேரும். பிறகு திருத்தப் பல ஆண்டு அலைச்சல், சில நேரம் நீதிமன்றம். ஏழு மாதம் ஆகிவிட்டது, வெட்கமாக இருக்கிறது என்று நினைக்காமல் பிறப்பதற்கு முன்பே தேசியப் பதிவிலாகாவுக்குப் போய்விடுங்கள். குழந்தை பிறந்த பிறகு தீபகற்ப மலேசியாவில் 60 நாளுக்குள் பிறப்பைப் பதியணும்.

வேலை விடுப்பும் இதோடு சேரும். 2023 ஜனவரி 1 முதல் தாய்க்குப் பிரசவ விடுப்பு 98 நாள். சட்டப்படி மணமான தந்தைக்குத் தொடர்ந்து 7 நாள். அதே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும், 30 நாளுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அந்த 7 நாளை ஆஸ்பத்திரிக்கு வருபவர்களோடு பேசியே கழிக்காதீங்க. துணி துவைப்பது, ராத்திரி நாப்கின் மாற்றுவது எல்லாம் அதற்குள்தான்.

வாயையும் காக்கணும்

ஏழாம் மாதத்தில் குழந்தைக்குக் காது கேட்கும். பிறந்ததும் தாயின் குரலை அடையாளம் காணும். தேவாரமோ திருப்புகழோ வீட்டில் பாடுவது இருவருக்கும் நல்லது. கணவனும் பாடலாம், குரல் சுமாராக இருந்தாலும் பிள்ளை குறை சொல்லாது.

பாடாத நேரத்திலும் வாயைக் கவனிக்கணும். "எனக்கு ரெண்டு நாள் வலி, செத்துப் பிழைச்சேன்" என்று நிறைமாதக்காரியிடம் கதை சொல்வது, "வயிறு உருண்டையா இருக்கு, பொண்ணுதான்" என்று முகம் சுருங்குவது, சிவப்பாகப் பிறக்கக் குங்குமப்பூ வாங்கி வருவது: இதெல்லாம் நிற்க வேண்டும். குங்குமப்பூ தோல் நிறத்தை மாற்றாது. கறுப்பாகப் பிறந்தால் குறை என்ற எண்ணத்தைத்தான் அது பிறக்கும் முன்பே பிள்ளை மேல் ஏற்றும்.

பிரசவ அறையில் கணவன் கூட இருக்கலாமா என்பது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அனுமதி கிடைத்தால் இடுப்பைத் தடவிவிடுவது, தண்ணீர் கொடுப்பது, மூச்சை எண்ணுவது, இவ்வளவுதான் வேலை. பிறந்த பிறகு முதல் சில நாள் தாய் காரணமில்லாமல் அழலாம், அது சாதாரணம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அல்லது பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால், "காத்து கருப்பு" என்று பேசிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

கலந்துரையாட

1. உங்கள் குடும்பத்தில் வளைகாப்பு எந்த மாதம்? சீமந்தம் உண்டா? அதில் கணவனின் பங்கு என்ன? பாட்டியிடம் கேட்டு எழுதி வாருங்கள்.
2. கயாது, ரத்னாவதி, கமலவதி: மூவருக்கும் யார் துணை நின்றார்கள், யார் நிற்கவில்லை?
3. மாமா செய்ததுபோல், பெரியவர் மனம் நோகாமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவது எப்படி? இருவர் இருவராக நடித்துக் காட்டுங்கள்.
4. உங்கள் ஊரில் கோயிலில் திருமணம் செய்து இன்னும் பதியாத தம்பதிகள் இருக்கிறார்களா? நம் கிளை அவர்களுக்கு எப்படி உதவலாம்?

அடுத்த வகுப்புக்கு வரும்போது உங்கள் வீட்டுக்கு மிக அருகில் உள்ள, பிரசவப் பிரிவு இருக்கும் ஆஸ்பத்திரியின் பெயரையும், ராத்திரியில் அங்கே போக எத்தனை நிமிடம் ஆகும் என்பதையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.